நாலு கூடைக் கணக்கு

(சைதாப்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சுருக்கம்)



இன்று இந்த மேடையில் கடவுளைப் பற்றியோ, புராணத்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. கணக்கைப் பற்றிப் பேசப் போகிறோம். கணக்கென்றவுடன் பின்வரிசைத் தோழர்கள் இரண்டொருவர் துண்டை உதறித் தோளில் போடுவது தெரிகிறது. தயவு செய்து சற்று உட்காருங்கள். நாமும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்ல. ஐந்தாம் வகுப்போடு நின்று, பிறகு கிடைத்த புத்தகத்தையும் பத்திரிகையையும் படித்துத் தெரிந்து கொண்டதுதான் நம் படிப்பெல்லாம். ஆகையால் நமக்குப் புரிந்த கணக்கு உங்களுக்குப் புரியாமல் போக நியாயமில்லை.

எதற்காக இந்தக் கணக்கு? நம் தெருவில் ஒருவர் தாயத்துக் கட்டுகிறார். ஒருவர் வேப்பிலை அடிக்கிறார். ஒருவர் பாட்டிலில் மருந்து விற்கிறார். மூவரையும் கேளுங்கள், "எங்களிடம் வந்து குணமானவர்கள் ஆயிரம் பேர்" என்பார்கள். சந்தேகமிருந்தால் ஆளையே கூட்டி வந்து நிறுத்துவார்கள். அந்த ஆளும் பொய் சொல்லமாட்டார். "எனக்குக் காய்ச்சல் இருந்தது, இவர் மந்திரித்தார், காய்ச்சல் விட்டது" என்று உண்மையைத்தான் சொல்லுவார். அப்படியானால் நாம் என்ன பதில் சொல்லுவது? "மூட நம்பிக்கை" என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடலாம். பல கூட்டங்களில் நாமும் அப்படித்தான் செய்து வந்தோம். ஆனால் அது பதிலாகாது என்பதை நம் வீட்டிலேயே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

நம் அக்காளுக்கு யானைக்கால். இந்த அடையாற்றங்கரையில் கொசுவுக்குப் பஞ்சமில்லையென்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் சில தடவை அவருக்கு நெறி கட்டும். குளிர் நடுக்கிக் காய்ச்சல் வரும். கால் சிவந்து நெருப்பாய்க் கொதிக்கும். உடனே அத்தான் போய் மந்திரிக்கிறவரை அழைத்து வருவார். மூன்றாம் நாளோ, நாலாம் நாளோ காய்ச்சல் விட்டுவிடும். இப்படிப் பன்னிரண்டு வருஷம் நடந்தது. நாம் ஒவ்வொரு தடவையும் போய்ச் சண்டை போடுவோம். ஒரு நாள் அக்காள் சொன்னார்: "தம்பி, நீ மேடையிலே பேசறது இருக்கட்டும். அவர் மந்திரிச்சா எனக்கு விடுது. நீ பேசினா விடுதா?"

தோழர்களே! அதற்கு நம்மிடம் பதிலில்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். அன்றிரவு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் தோழியர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "அக்காள் கேட்டது நல்ல கேள்விதானே! நீங்கள் ஏன் எழுதி வைத்துப் பார்க்கவில்லை?" என்று கேட்டு, ஒரு காகிதத்தில் நாலு கட்டம் போட்டுக் காட்டினார். அந்த நாலு கட்டத்தைத்தான் நாம் உங்களுக்கு நாலு கூடையாகச் சொல்லப் போகிறோம்.

நூறு பேரை மந்திரிப்பதற்கு முன்பும் பார்க்கிறோம், மந்திரித்துப் பத்து நாள் கழித்தும் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாயிருந்து குணமானவர்களை முதல் கூடையில் போடுங்கள். நோயாயிருந்து நோயாகவே இருப்பவர்களை இரண்டாவது கூடையில் போடுங்கள். சுகமாயிருந்து சுகமாகவே இருப்பவர்கள் மூன்றாவது கூடை. சுகமாயிருந்து பிறகு நோயில் விழுந்தவர்கள் நாலாவது கூடை. இந்த நாலையும் விட்டு வேறு கூடை கிடையாது. எவனும் இவற்றில் ஒன்றில்தான் இருந்தாக வேண்டும்.

இப்போது தாயத்துக்காரர் உங்களுக்குக் காட்டுவது எந்தக் கூடை? முதல் கூடை ஒன்றுதான். மற்ற மூன்றும் அவர் வீட்டுப் பரண்மேல் கிடக்கின்றன. சுகமாயிருக்கும்போதே "நோய் வராமலிருக்க" என்று தாயத்துக் கட்டி, பிறகு படுத்தவனை அவர் கூட்டி வந்து மேடையில் நிறுத்துவாரா? நிறுத்தமாட்டார். அவனும் வரமாட்டான். "நம் விதி" என்று வீட்டிலேயே இருந்துவிடுவான். ஒரு கூடையை மாத்திரம் காட்டினால் எந்தப் புரட்டும் மெய்யாகத் தோன்றும் என்பதே நாம் சொல்லும் முதல் சங்கதி.

இனி, இரண்டாவது சங்கதிக்கு வருவோம். ஒரே ஆளை இரண்டு தடவை பார்ப்பதும், இரண்டு வெவ்வேறு ஆளைப் பார்ப்பதும் ஒன்றல்ல. இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் பீர் காய்ச்சும் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றால் உங்களுக்கு வேடிக்கையாயிருக்கும். அயர்லாந்து தேசத்தில் டப்ளின் நகரில் கின்னஸ் கம்பெனியில் இருந்த காசெட் என்பவர் அவர். 1908-ம் வருஷம் "மாணவன்" என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பத்து நோயாளிகளுக்குக் கொடுத்த இரண்டு தூக்க மருந்துகள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மருந்தையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்து, வழக்கத்தைவிட எத்தனை மணி அதிகம் தூங்கினார் என்று முன்னமே வேறு டாக்டர்கள் குறித்து வைத்திருந்தார்கள்.

முதல் மருந்தால் சராசரி முக்கால் மணி நேரம் தூக்கம் கூடிற்று. இரண்டாவதால் ஏறக்குறைய 2 மணி 20 நிமிஷம் கூடிற்று. "அப்படியானால் இரண்டாவதுதான் மேல், இதிலென்ன கணக்கு?" என்று கேட்பீர்கள். பொறுங்கள். ஆளுக்கு ஆள் தூக்கம் ஒன்றாயிருக்கவில்லை. முதல் மருந்தைச் சாப்பிட்டு ஒருவர் 3.7 மணி அதிகம் தூங்கினார், இன்னொருவருக்கு 1.6 மணி குறைந்தே போயிற்று. மனிதனுக்கு மனிதன் இவ்வளவு பேதமிருக்கும்போது, பத்துப் பேர் சராசரியில் கண்ட வித்தியாசம் மருந்தினாலா, ஆட்களின் பேதத்தினாலா? முதல் மருந்தைப் பத்துப் பேரும் இரண்டாவதை வேறு பத்துப் பேரும் சாப்பிட்டதாக எண்ணிக் கணக்குப் போட்டால், "நிச்சயமாய்ச் சொல்லமுடியாது" என்றுதான் விடை வரும்.

ஆனால் ஒவ்வொரு ஆளையும் அவனோடேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டாவது மருந்தில்தான் அதிகம் தூங்கினார்கள். ஒருவருக்கு இரண்டும் சமம். முதல் மருந்தில் அதிகம் தூங்கியவர் ஒருவர்கூட இல்லை! இரண்டு மருந்தும் ஒன்றே என்றால், ஒவ்வொரு ஆளும் ஒரு காசைச் சுண்டிப் போட்டது போலத்தான். பூவும் விழலாம், தலையும் விழலாம். ஒன்பது காசும் ஒரே பக்கமாய், அதுவும் இரண்டாவது மருந்தின் பக்கமாய் விழ 512-ல் ஒரு பங்குதான் இடமுண்டு. அதே பத்துப் பேர், அதே எண்கள். ஜோடியைப் பிரித்துப் பார்த்தபோது மறைந்திருந்த உண்மை, ஜோடியாய் வைத்துப் பார்த்தபோது வெளியே வந்துவிட்டது.

அடுத்து, தூக்கத்தைப் போல மணிக்கணக்கில் அளக்க முடியாமல், "உண்டு, இல்லை" என்று மாத்திரம் விடை வரும் விஷயத்துக்கு என்ன செய்வது? இதற்கு வழி சொன்னவர் அமெரிக்காவின் மனோதத்துவ ஆசிரியர் மெக்நெமார் என்பவர், வருஷம் 1947. அவர் வழி நம் நாலு கூடைதான்.

யானைக்கால் கிருமியையே எடுத்துக்கொள்ளுவோம். அந்தக் கிருமியின் குஞ்சுகள் மனிதன் ரத்தத்தில் இருப்பதைக் கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர் 1872-ல் கண்டார். 1877-ல் சீனாவில் மான்சன் என்பவர் அது கொசுவின் உடம்புக்குள் வளருவதைக் கண்டார். நம் நாட்டில் உள்ள வகையின் குஞ்சுகள் பகலில் மேல் ரத்தத்தில் அகப்படுவது அரிது. இரவில்தான் ஏராளமாய் வரும். அதனால்தான் ஊழியர்கள் நடு இரவில் வந்து கதவைத் தட்டி விரலில் குத்துகிறார்கள். நம்மவர்கள் அவர்களைத் திட்டுகிறார்கள்! ஒரே ஆளின் பகல் ரத்தத்தையும் இரவு ரத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததனால் தெரிந்த உண்மை அது. ஒருவன் பகல் ரத்தத்தையும் வேறொருவன் இரவு ரத்தத்தையும் பார்த்தால், "இவனுக்கு நோயில்லை, அவனுக்கு உண்டு" என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

இப்போது கணக்கு. இது நாம் விளக்கத்துக்காகப் போட்டுக்கொண்ட எண். எந்த ஊரிலும் எடுத்த எண்ணல்ல. கிருமியைக் கண்டுபிடிக்கப் பழைய சோதனை ஒன்று, புதுச் சோதனை ஒன்று. நூறு பேருக்கு இரண்டையும் செய்தார்கள். இரண்டு சோதனையும் "கிருமி உண்டு" என்றவர்கள் 30 பேர். இரண்டும் "இல்லை" என்றவர்கள் 50 பேர். புதுச் சோதனை மாத்திரம் "உண்டு" என்றவர்கள் 15 பேர். பழைய சோதனை மாத்திரம் "உண்டு" என்றவர்கள் 5 பேர். ஆகப் புதுச் சோதனைக்கு 45, பழைய சோதனைக்கு 35.

சாதாரணமாய்ப் பார்க்கிறவர் என்ன செய்வார்? நூற்றுக்கு 45, நூற்றுக்கு 35 என்று இருநூறு வெவ்வேறு ஆட்களைப் போல எண்ணுவார். அப்படிப் போட்டால் "இந்த வித்தியாசம் தற்செயலாயும் இருக்கலாம்" என்றுதான் வரும். ஆனால் இருநூறு பேர் ஏது? இருப்பதே நூறு பேர்தானே! மெக்நெமார் சொல்லுவது இதுதான்: இரண்டு சோதனையும் ஒத்துப்போன 80 பேரை ஒரு பக்கம் வையுங்கள். எது மேல் என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டும் முரண்பட்ட 20 பேரிடந்தான் சாட்சியம் இருக்கிறது. இரண்டு சோதனையும் சமமென்றால் இந்த 20 பேர் ஏறக்குறைய பத்துக்குப் பத்தாய்ப் பிரிய வேண்டும். பிரிந்ததோ 15-க்கு 5. இருபது காசைச் சுண்டினால் ஏதாவதொரு பக்கம் இவ்வளவோ இதற்கு மேலோ சாய்வது நூற்றில் நாலு தடவைதான் நடக்கும்.

காசு சுண்டி எண்ணப் பொழுதில்லையென்றால் குறுக்கு வழியும் உண்டு. 15-ல் 5 போக 10. பத்தைப் பத்தால் பெருக்க 100. அதை 15-ம் 5-ம் கூட்டிய 20-ஆல் வகுத்தால் 5. இந்த விடை 3.84-க்கு மேல் போனால், "தற்செயலாய் இப்படி நேருவது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு" என்று அர்த்தம். முரண்பட்டவர்கள் மிகச் சிலராயிருந்தால் மாத்திரம் குறுக்கு வழி உதவாது. காசுக் கணக்கையே போடவேண்டும். அவ்வளவுதான் தோழர்களே! இதற்காகச் சமஸ்கிருதமும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம்.

ஆனால் கத்தி கையில் கிடைத்தவுடன் எல்லாவற்றையும் வெட்டிவிடக்கூடாது. மூன்று எச்சரிக்கை சொல்லுகிறோம்.

ஒன்று, ஒரு மனிதனுக்கு இரண்டு கண், இரண்டு கால். ஐம்பது பேருக்குக் கண் மருந்து போட்டுவிட்டு "நூறு கண்ணில் சோதித்தோம்" என்று சொல்லுவது நூறு சாட்சியாகாது. ஒருவன் இடக் கண்ணும் வலக் கண்ணும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று சொல்வதையே பெரும்பாலும் மற்றதும் சொல்லும். ஒரே சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றி, "இரண்டு சாட்சி" என்று எழுதினால் கோர்ட்டு ஒப்புமா? இந்தத் தப்பைத் தாயத்துக்காரர் மாத்திரமல்ல, பட்டம் பெற்றவர்களும் செய்திருக்கிறார்கள்.

இரண்டு, முன்னும் பின்னும் பார்த்துக் குணமானவர்கள் அதிகம் என்று கணக்கு நிரூபித்துவிட்டாலும், குணமாக்கியது எது என்பதைக் கணக்கு சொல்லாது. நெறிக்காய்ச்சல் பெரும்பாலும் சில நாளில் தானே தணியும் சுபாவமுடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மந்திரிக்க ஓடுகிறோம்; உச்சிக்குப் போனது இறங்கத்தானே வேண்டும்! இது மந்திரத்துக்கு மாத்திரமல்ல, பாட்டில் மருந்துக்கும் பொருந்தும். ஊசி போட்டு மூன்றாம் நாள் ஜலதோஷம் விட்டால் ஊசியைப் புகழுகிறவர் நம்மிலும் இருக்கிறார். அவருடைய நம்பிக்கையும் அதே ஜாதிதான்.

மூன்று, எல்லா நோய்க்கும் ஒரே ஆளுக்கு இரண்டு மருந்தும் கொடுத்துப் பார்க்க முடியாது. இன்று தூங்கியவனுக்கு நாளையும் தூக்கம் வேண்டும், அங்கே முடியும். காசம் ஒரு மருந்தில் குணமானவனுக்கு மறு மருந்தை எங்கே சோதிப்பது? அங்கே ஆட்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும்.

இப்படி நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. சேத்துப்பட்டில் 1956-ல் காச மருத்துவ ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. இன்று அது தேசிய நிலையமாயிருக்கிறது. அப்போது காசநோயாளி என்றால் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காய்ப் படுக்க வேண்டும், நல்ல காற்று, நல்ல ஆகாரம், ஓய்வு வேண்டும் என்பது வைத்திய உலகின் அபிப்பிராயம். அந்த நிலையத்தார் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாய்ப் பிரித்து, ஒரு பகுதியாரை ஆஸ்பத்திரியிலும், மறு பகுதியாரை நெருக்கடியான தங்கள் வீட்டிலேயும் வைத்து, ஒரு வருஷம் ஒரே மாதிரி மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. மருந்தை ஒழுங்காய்ச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே நன்றாய்க் குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் அதிகமாய் நோய் தொற்றவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடக்க முடியாத ஏழைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விடுதலை! உலகெங்கும் காச வைத்தியம் இதனால் மாறிற்று.

இன்னொன்று செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் தொடங்கிற்று. பி.சி.ஜி. என்ற காசத் தடுப்பூசியைச் சோதிக்க ஏறக்குறைய 2,60,000 பேரைச் சேர்த்து, சிலருக்கு மெய்யூசியும் சிலருக்கு வெறும் ஊசியும் போட்டார்கள். போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அத்துடன் இரண்டு தோல் சோதனையும் செய்தார்கள். ஒன்று காசக் கிருமிக்கு. மற்றது மண்ணிலும் நீரிலும் இருக்கும் அதன் உறவுக் கிருமிகளுக்கு. ஒரே உடம்பில் இரண்டையும் வைத்துப் பார்த்ததால்தான், இந்தப் பக்கத்து ஜனங்களில் வயது வந்த பெரும்பாலோருக்கு அந்த உறவுக் கிருமிகளோடு ஏற்கெனவே பழக்கமுண்டு என்பது விளங்கிற்று. நாம் சொன்ன ஜோடிக் கணக்கு இங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள்!

தடுப்பூசிச் சோதனையின் முடிவு என்ன? பதினைந்து வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசத்துக்கு அது காப்பாயிருப்பதை வேறு ஆராய்ச்சிகள் காட்டியதால், பிறந்த குழந்தைக்கு அதை இன்றும் போடுகிறார்கள். தாய்மார்கள் அதைத் தவறவிடக்கூடாது. ஆனால் நாம் சொல்ல வந்தது வேறு. அரும்பாடுபட்டு, ஏராளமான பணம் செலவிட்டு, பலிக்கும் பலிக்கும் என்று எதிர்பார்த்திருந்த விஞ்ஞானிகள், "பலிக்கவில்லை" என்று தாங்களே அச்சிட்டு உலகத்துக்குச் சொன்னார்கள். எந்தத் தாயத்துக்காரராவது, எந்த ஜோசியராவது, "இந்த வருஷம் நாம் சொன்னதில் இத்தனை பொய்த்தது" என்று ஒரு துண்டுப் பிரசுரமாவது போட்டதுண்டா? இதுதான் அவர்களுக்கும் அறிவுக்கும் உள்ள வித்தியாசம். விஞ்ஞானி தப்பே செய்யாதவன் என்று நாம் சொல்லவில்லை. தன் தப்பைக் காட்டும் கூடையையும் அவன் பரணிலிருந்து இறக்கி வைக்கக் கடமைப்பட்டவன் என்கிறோம்.

நம் அக்காள் கதையை முடிக்கவேண்டும். அந்தத் தோழியர் சொன்னபடி அக்காளையே கேட்டோம்: "அக்கா, ஒரு காய்ச்சலுக்கு மந்திரிக்கட்டும், அடுத்த காய்ச்சலுக்கு வேண்டாம். எத்தனை நாளில் விட்டதென்று நோட்டில் எழுதுவோம். நீங்களே எழுதுங்கள்." அத்தான் பயந்தார். அக்காள் பயப்படவில்லை. "சரிடா, எழுதிப் பார்க்கலாம்" என்றார். எந்தக் காய்ச்சலிலும் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தக்கூடாது என்பது மாத்திரம் நம் நிபந்தனை.

பத்துக் காய்ச்சல், ஐந்து ஜோடி. இரண்டு ஜோடியில் மந்திரித்தபோது சீக்கிரம் விட்டது. இரண்டில் மந்திரிக்காதபோது சீக்கிரம் விட்டது. ஒன்றில் இரண்டும் சமம். ஐந்து ஜோடியை வைத்து மந்திரம் சிறிதும் உதவாது என்று நாம் ருஜுப்படுத்திவிட்டதாகச் சொன்னால், நாமும் தாயத்துக்காரர் வேலையைத்தான் செய்தவராவோம். அந்தக் காரியத்துக்கு ஐந்து ஜோடி போதாது. ஆனால், "மந்திரிக்காவிட்டால் விடாது" என்று பன்னிரண்டு வருஷமாய் அக்காளைப் பிடித்திருந்த பயம் ஒன்று உண்டல்லவா? அந்தப் பேச்சைப் பொய்யாக்க மந்திரிக்காமல் விட்ட ஒரு காய்ச்சலே போதும். நோட்டில் ஐந்து இருந்தன, அவர் கையெழுத்திலேயே.

அதன் பிறகு மந்திரத்துக்குக் கொடுத்த பணத்தில் அக்காள் சோப்பு வாங்கினார். தினமும் இரண்டு வேளை காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்புக்கு மருந்து போட்டு வருகிறார். டாக்டர்கள் யானைக்காலுக்குச் சொல்லும் முறை அதுதான். வீக்கம் முழுவதும் போகவில்லை. அவ்வளவு நாள் கடந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தை யாரும் திருப்பிக் கொடுக்கமுடியாது. அதில் நமக்கும் பங்குண்டு. அவரிடம் சண்டை போட்டோமே தவிர, அவரோடு உட்கார்ந்து ஒரு நாளும் எழுதிப் பார்க்கவில்லை.

ஆகையால் தோழர்களே, தாய்மார்களே! நாளை யாராவது வந்து "பலித்தது" என்று சொன்னால் கோபிக்காதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். "மற்ற மூன்று கூடை எங்கே?" என்று மரியாதையாய்க் கேளுங்கள். தாயத்து விற்கிறவரைக் கேளுங்கள், மருந்து விற்கிறவரைக் கேளுங்கள், ஓட்டுக் கேட்க வருகிறவரையும் கேளுங்கள். நாம் இன்று சொன்னதையும் அப்படியே கேளுங்கள். ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் எந்தக் குடிசையிலும் இருக்கக்கூடியதுதான்.